சேணமலை தெரியும் படுக்கையறை

பாலைவனத்தில் வீடு கட்டுவது பெரிய விஷயமில்லை. அங்கே வீடே இல்லை என்று மலையை நம்பவைப்பதுதான் கஷ்டம். என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பத்துக் கார் நிற்கும் கொட்டகையோடு கூடிய மாளிகையை, ஏதோ ஒரு பாறை சோம்பல் முறித்துப் படுத்திருப்பதுபோல வரைந்து கொடுப்பேன். நான் குடியிருப்பது ஒரு டயர் கடையின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் தேய்ந்த டயர்களின் அடுக்கு தெரியும். சாயங்கால வெயில் படும்போது அதற்கும் ஓர் அழகு உண்டு என்று என் முன்னாள் மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். முன்னாள் என்று சொல்லிவிட்டதால், வாதத்தில் யார் ஜெயித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடெல் பர்க்கார்ட் என்னிடம் வந்தபோது மாளிகை எதுவும் கேட்கவில்லை. அரிசோனாவில் எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய கார் கழுவும் நிலையம் ஒன்று நுரை கக்கிக்கொண்டிருக்கும். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய குரல். ஸ்டில்வாட்டர் ரிட்ஜில் மனை வாங்கியிருந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த மலைச்சரிவுக்கு 'அசையாத் தண்ணீர் மேடு' என்று பெயர் வைத்தவன் மனை விற்பவனாகத்தான் இருக்க வேண்டும்.

"ரஸ்ஸு, உனக்கு ஒரே வேலைதான்" என்றார். "என் பொண்டாட்டி காலைல கண்ணைத் தொறந்தா சேணமலை தெரியணும். தலையணைலேருந்து தலையைத் தூக்காம தெரியணும். மீதி வீட்டை நீ எப்படி வேணா வரைஞ்சு விளையாடிக்கோ."

பக்கத்தில் கைத்தடியோடு நின்ற கொரீன், "சமையல்கட்டுல மட்டும் விளையாடாதே" என்றாள்.

கொரீன் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கணவர் பணக்காரரான பிறகும் வெகுகாலம் அந்த வேலையை விடவில்லை. அவர்கள் கையில் காசில்லாத காலத்தில், ஒரு ஓட்டை வேனில் இதே மலையடிவாரத்துக்கு வந்து தூங்குவார்களாம். விடியும்போது கிழக்கே, குதிரைச் சேணம்போல நடுவில் வளைந்த சேணமலையின் பள்ளத்திலிருந்து சூரியன் எழுந்து நேராக முகத்தில் அடிக்குமாம். இப்போது அவளுக்கு வந்திருந்தது தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நோய். வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகிறவர்கள் மாதிரி. முதல் சந்திப்பில் கைத்தடி. முதல் பிளான் முடிந்தபோது சக்கர நாற்காலி. மூன்றாவது பிளானுக்குள் கைகளும் போய்விட்டன. அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றினார்.

அதனால் படுக்கையறையை மட்டும் முதலில் கட்டுவது என்று திட்டம் போட்டோம். சுவர்களைத் தொழிற்சாலையில் தயார் செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் முழு வீட்டின் பிளானுக்கும் குழு ஒப்புதல் தராமல் அங்கே ஒரு மண்வெட்டியைக்கூடத் தூக்க முடியாது.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சரிவில் யார் எப்படி வீடு கட்டலாம் என்று முடிவு செய்யும் அது ஐந்து பேர் கொண்டது. ஐவரும் அதே சரிவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். கெட்டவர்கள் இல்லை. பாலைவனத்தின் பேரில் அவர்களுக்கு இருக்கும் அக்கறையில் பாதி என் பேரில் யாருக்காவது இருந்திருந்தால் நான் டயர் கடைக்கு மேலே குடியிருக்க மாட்டேன். மனையில் கோடு போட்டுக் கொடுத்த எல்லைக்குள் மட்டும்தான் கட்டலாம். எல்லைக்கு வெளியே ஒரு கல்லைப் புரட்டக்கூடாது. சுவரின் நிறம் அங்குள்ள பாறையைவிட வெளுப்பாக இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கீழ்ச் சாலையிலிருந்து பார்த்தால் எந்தக் கூரையும் மேட்டின் விளிம்பைத் தாண்டி வானத்தில் தலை நீட்டக்கூடாது.

குழுத் தலைவி மார்செல்லா ஹார்ட்விக் ஒல்லியான அம்மாள். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். முதல் கூட்டத்தில் என் பிளானைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. கொஞ்சம் கீழே இறக்கேன்" என்றார். இறக்கினேன். இரண்டாவது கூட்டத்தில், "இப்போ இன்னும் அழகா இருக்கு. இன்னும் கொஞ்சம்" என்றார். கூரையைத் தட்டையாக்கியும் போதவில்லை. தரையைத் தோண்டி வீட்டை மண்ணுக்குள் இறக்கினேன்.

மூன்றாவது கூட்டம் மே மாதம். அதற்கு முன் மனையில் கம்பம் நட வேண்டும். வரப்போகும் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் கூரை உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்துக்குக் கம்பம் ஆரஞ்சு நாடா. குழுவினர் சாலையில் குறிப்பிட்ட இடங்களில் நின்று பார்ப்பார்கள். நாடா வானத்தைத் தொட்டால் நான் தொலைந்தேன்.

அன்று ஹார்ட்விக் அம்மாள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஓடெல் என் காதில், "ஒட்டகச்சிவிங்கியையா தேடுறாங்க?" என்றார். அவருடைய விரல்கள் தொப்பியின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமே தெரியலையே" என்றார் அம்மாள் கடைசியில். "ரஸ், அங்கே வீடே இல்லாத மாதிரி இருக்கு!"

என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஐந்து கைகளும் உயர்ந்தன. ஓடெல் நடுச்சாலையில் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். தூக்கியவர் அழுதார். வெட்கம் கெட்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலையிலேயே கொரீனைக் கூட்டிவந்தார். வேனின் பின்பக்கச் சாய்தளத்தில் நாற்காலி இறங்கியது. நான் ஓட்டல் சிப்பந்திபோல முன்னால் நடந்து, ஆரஞ்சு நாடாவைத் தூக்கிப் பிடித்து, "வாங்க, இது வாசல்" என்றேன். "இது சமையலறை. நான் விளையாடவே இல்ல. இது கூடம்." கிழக்கு மூலைக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இது உங்க படுக்கையறை."

அவளால் அப்போது மெதுவாகத்தான் பேச முடியும். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் திருத்தி அனுப்புவாள். சேணமலை எதிரே நீலமாக நின்றது. அதற்கும் எங்களுக்கும் நடுவே, மனை எல்லைக்கு வெளியே, ஒரு சின்ன மண்மேடு. மேட்டின் உச்சியில் வயசான சகுவாரோ கள்ளி ஒன்று, யாரோ துப்பாக்கியைக் காட்டியதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"நல்லாருக்கு" என்றாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பிவலை கட்டியிருந்த குழியைப் பார்த்தாள். "இது என்ன?"

"மண் எப்படி இருக்குன்னு பார்க்கத் தோண்டினது."

"எவ்ளோ ஆழம்?"

"நம்ம வீட்டுத் தரை வர்ற ஆழம்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

பேருந்து ஓட்டும்போது பின்சீட்டுப் பிள்ளைகளைக் கண்ணாடியில் பிடிப்பாளே, அந்தப் பார்வையோடு என்னைப் பார்த்தாள். "அப்போ என் கட்டில், அதுக்குள்ளயா?"

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. வலையை நகர்த்திவிட்டுக் குழிக்குள் குதித்தேன். நின்றால் என் கண் தரைக்குச் சற்று மேலே இருந்தது. மண்மேடு தெரிந்தது, கள்ளி தெரிந்தது, எட்டிப் பார்த்தால் சேணமலையின் முதுகு கொஞ்சம். கட்டில் உயரத்துக்குக் குனிந்தேன். மலை போயிற்று. கள்ளி போயிற்று. எதிரே சிவப்பு மண், அதில் ஒரு வேர், வேரில் ஓர் எறும்பு.

முதல் பிளானில் நான் சரியாகத்தான் பார்த்திருந்தேன். தலையணையிலிருந்து கோடு இழுத்து, மேட்டைத் தாண்டி, மலைப்பள்ளத்தைத் தொட்டு, அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. அதன் பிறகு வீட்டை இறக்க இறக்க, சாலையில் நிற்பவர்கள் கண்ணிலிருந்து மட்டுமே கோடு இழுத்தேன். உள்ளே இருப்பவர்களுக்காக வரைந்த படத்தில் ஒரு மனிதன் கண்ணாடிச் சுவரோரம் ஒயின் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு மலை தெரிந்தது. எங்கள் படங்களில் எல்லோரும் உயரமாக, ஒல்லியாக, ஆரோக்கியமாக நின்றுகொண்டேதான் இருப்பார்கள். யாரையும் படுக்கவிட மாட்டோம்.

"ரஸ்ஸு" என்று மேலிருந்து ஓடெலின் குரல் கேட்டது. "உள்ள என்ன பண்றே? மலை தெரியுதில்ல?"

ஒருமுறை நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தேன்.

"தெரியுதான்னு கேக்கறேன்!"

"தெரியல" என்றேன்.

அவரும் குதித்தார், அந்த உடம்போடு. என் பக்கத்தில் முழங்காலிட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தொப்பிதான் மறைக்கிறது என்று அவர் நம்பியது எனக்குப் புரிந்தது.

"கட்டிலை உசத்து."

"கூரையை உசத்த முடியாது ஓடெல். கப்பல்ல மாலுமிங்க படுக்கிற மேல்கட்டில் மாதிரி ஆயிடும். மூக்கு கூரையில இடிக்கும். அப்பவும் முழுசாத் தெரியாது."

"அப்போ அந்த மேட்டை எடுத்துடுவோம். ஆளுங்களை வரச் சொல்றேன், ஒரே நாள் வேலை."

"அது எல்லைக்கு வெளியே. கை வெச்சா வேலையையே நிறுத்திடுவாங்க. அந்தக் கள்ளி சட்டப் பாதுகாப்புல இருக்கு, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸே வரும்."

"வரட்டும்! என் பொண்டாட்டி முக்கியமா, கள்ளி முக்கியமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேட்டில் எத்தனை வண்டி மண் இருக்கும் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மேலே நாற்காலியில் கொரீனின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேரும் பதறி எழுந்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரஸ்ஸு" என்றாள். "வீடுதானே கேட்டேன். நீ ஏன், அடுத்ததுக்குப் போயிட்டே?"

ஓடெல் அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பிறகு குழியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றியை மண்ணில் வைத்துக்கொண்டார். அவரை மேலே ஏற்ற நான் பட்ட பாட்டை நான் மட்டும்தான் அறிவேன்.

தரையைப் பழைய உயரத்துக்கே கொண்டுவர வேண்டுமென்றால் மறுபடியும் குழுவிடம் போக வேண்டும். ஆனால் அரிசோனாவில் வெயில் ஏற ஆரம்பித்தால் குழுக்கள் கலைந்துவிடும். வசதியுள்ளவர்கள் ஏரியும் குளிரும் உள்ள வடக்கு மாநிலங்களுக்குப் போய்விடுவார்கள். பிறகு அக்டோபரில்தான் கூட்டம். இந்த ஐந்து மாதம் பாம்பும் நானும்தான் இங்கே இருப்போம்.

அன்று மத்தியானமே ஹார்ட்விக் அம்மாள் வீட்டுக்கு ஓடினேன். நாற்காலி, மேசை எல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி நின்றன. அம்மாள் குளிர்பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தே. இந்தத் தயிரைத் தின்னு, வீணாப் போகும். தின்னுட்டு அந்தப் பூனைக் கூண்டைக் காருக்குக் கொண்டு போ."

மன்றாடுகிறவனுக்கு ஒரு தோரணை வேண்டும். ஒரு கையில் தயிரும் மறு கையில் என்னைப் பார்த்துச் சீறும் பூனையுமாக என்ன தோரணை வரும்? இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். கொரீனின் நோய், தலையணை, வேன், குழி, என் முட்டாள்தனம்.

"மேடம், அந்த ஒரு மூலை மட்டும் பழைய உயரத்துல இருக்கட்டும். சாலையிலேருந்து பார்த்தா ஒரு கோடு தெரியும். ஒரே ஒரு கோடு."

அவர் குளிர்பெட்டியின் கதவை மூடிவிட்டு உட்கார்ந்தார். போர்த்திய துணியின் மேலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். "ஆனா இங்க வர்றவங்க யாரும் சும்மா வர்றதில்ல ரஸ். ஒருத்தர் அம்மாவுக்காக வருவார், ஒருத்தர் மகளுக்காக. எல்லாம் நெஜம்தான், யாரும் பொய் சொல்றதில்ல. எல்லாரும் கேக்கறது ஒரே ஒரு கோடுதான். நான் இருபது வருஷமா முடியாதுன்னு சொல்லிட்டு வர்றேன். அதனாலதான் அவ பார்க்க ஆசைப்படுற மலை இன்னும் அப்படியே நிக்குது."

"சரி மேடம். ஆனா..."

"என் ஹெரால்டு இந்த வீட்லதான் போனார். கடைசி வரைக்கும் ஜன்னல்ல தெரிஞ்சது பக்கத்து வீட்டு ஏசி மெஷின். எனக்கு வலிக்காதுன்னு நினைக்கிறியா?" எழுந்தார். "நான் ஒருத்தி சரின்னாலும் செல்லாது. மூணு பேர் வேணும். மூணு பேர் நேத்தே விமானம் ஏறிட்டாங்க. அக்டோபர் முதல் கூட்டத்துல உன்னோடதை முதல்ல எடுக்கறேன். என்னால ஆனது அவ்ளோதான்."

கதவருகில் என் தோளைத் தொட்டு, "பூனையைத் தலைகீழா வெச்சிருக்கே" என்றார்.

மறுநாள் ஃபீனிக்ஸில் பர்க்கார்ட் வீட்டுச் சமையலறையில் விஷயத்தைச் சொன்னபோது ஓடெல் நிற்கவே இல்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கவர்னரைத் தெரிந்த ஆளைத் தெரியும் என்றார். மலைக்கு அந்தப் பக்கம் வேறு மனை வாங்கலாம் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் அந்தப் பள்ளத்தில் எழாது, விழத்தான் செய்யும் என்றேன். "அப்போ விழட்டும்!" என்று கத்தினார். பிறகு, "ஒப்புதல் கெடச்ச வீட்டையே கட்டு. கேமரா வெச்சு, சுவர்ல பெரிய டிவியில மலையைக் காட்டு" என்றார். அதற்கு நான் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அந்த நிலைமையில் வந்த எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஓடெல்" என்றாள் கொரீன். "உக்காரு. தலை சுத்துது."

உட்கார்ந்தார்.

"ரஸ்ஸு. அங்க இப்போ, தரை எங்க இருக்கு?"

"எப்பவும் இருந்த இடத்துலதான். இன்னும் தோண்டலையே."

"நேத்து நாற்காலிலேருந்து, மலை தெரிஞ்சுது."

"ஆமா."

"அப்போ மலையை மறைக்கிறது எது?"

மேடு என்று சொல்ல வாயெடுத்தேன். மேடு மறைக்கவில்லை. கள்ளி மறைக்கவில்லை.

"வீடு" என்றேன். "நான் வரைஞ்ச வீடுதான்."

"கட்டிலைக் கொண்டு போங்க" என்றாள்.

ஓடெல் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில்லாமல், கூரையில்லாமல், வெட்டவெளியில் பொண்டாட்டியைப் போட்டு வைக்க தான் என்ன பிச்சைக்காரனா என்று கேட்டார். வேனில் தூங்கியபோது யாராக இருந்தோம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். "அப்போ உனக்கு உடம்பு நல்லாருந்துச்சு" என்று சொல்லும்போதே அவருடைய பெரிய குரல் நடுவில் உடைந்துவிட்டது. அவள் அதற்குமேல் வாதாடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் எழுந்துபோய்க் கட்டிலின் திருகாணிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் கழித்து, கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ஸ்டில்வாட்டர் ரிட்ஜின் நுழைவாயிலில் நின்றோம். வேனில் கொரீன், பின்னால் லாரியில் மருத்துவமனைக் கட்டில். அதைப் பிடித்துக்கொண்டு கார் கழுவும் நிலையத்து ஆட்கள் நாலு பேர், சீருடையோடு. வழியெல்லாம் பழக்கதோஷத்தில் கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டே வந்திருந்தார்கள்.

காவலாளி விளக்கடித்துப் பார்த்தான். "சார், தற்காலிகக் கட்டடம் எதுக்கும் அனுமதி வேணும்."

"இதுல சுவர் தெரியுதா?" என்றார் ஓடெல்.

"இல்ல சார்."

"கூரை?"

"இல்ல. ஆனா நான் ஏதாவது எழுதணுமே சார். என்னன்னு எழுதறது?"

"என் சம்சாரம் தூங்க வந்திருக்கான்னு எழுதிக்க."

அவன் வேனுக்குள் பார்த்தான். கொரீன் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அது அப்போதும் அவளுக்கு வேலை செய்தது. தடுப்புக் கம்பு உயர்ந்தது.

ஆரஞ்சு நாடாவுக்குள், கிழக்கு மூலையில், குழியிலிருந்து நாலு எட்டுத் தள்ளிக் கட்டிலைப் போட்டோம். அதற்குக் கீழே கல் வைத்துச் சமப்படுத்தலாமா என்று ஓர் ஆள் கேட்டான். எல்லைக்கு வெளியே இருந்த கல்லை எடுக்கப் போனவனை நானே பாய்ந்து தடுத்தேன். என்னையும் அறியாமல் குழுவில் சேர்ந்துவிட்டேன்போல. ஆட்களை லாரிக்கு அனுப்பிவிட்டு ஓடெல் அவளைத் தூக்கிக் கிடத்தினார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார், மறுபடி இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"போதும்" என்றாள்.

நான் கட்டிலின் தலைமாட்டில் தரையோடு உட்கார்ந்து, தலையணைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. மேட்டுக்கு மேலே, கள்ளியின் தூக்கிய கைகளுக்கு வலப்புறம், சேணமலை முழுசாக இருந்தது. பள்ளத்தின் விளிம்பு வெளுத்துக்கொண்டிருந்தது.

ஓடெல் என் பக்கத்தில் வந்து குந்தினார். அவருக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"நாளைக்கும் வரலாம். ஆனா அடுத்த வாரம் இந்த நேரத்துக்கே கொதிக்க ஆரம்பிச்சுடும். இல்ல?"

"ஆமா."

"வெயில்ல வெச்சிருக்க முடியாது. மூச்சு வேற..." நிறுத்தினார். "நீ புதுசா வரை ரஸ்ஸு. இதே உயரத்துல. இன்னிக்கே ஆரம்பி. அக்டோபர்ல ஒத்துக்குவாங்கல்ல?"

"ஒத்துக்குவாங்க."

"நவம்பர்ல அறையை நிறுத்திடலாம்ல?"

"நிறுத்திடலாம்."

"சத்தியமா சொல்றியா?"

என்னிடம் இருந்தது ஒரு பென்சில்தான். அதை வைத்துக்கொண்டு எந்த மாதத்தையும் இழுத்துப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த மனிதனின் முகத்துக்கு எதிரே வேறு எதுவும் வாயில் வரவில்லை. "சத்தியமா" என்றேன்.

அதற்குள் பள்ளத்தில் முதல் வெளிச்சம் கீறிக்கொண்டு வந்தது. மேட்டுக் கள்ளியின் ஒரு பக்கத்து முள்ளெல்லாம் பற்றிக்கொண்டதுபோல ஆயிற்று. பிறகு சூரியன் நேராக, அவர்கள் சொன்ன மாதிரியே, கொரீனின் முகத்தில் அடித்தது. அவளால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாதே என்று ஓடெல் பதறி எழுந்து, தொப்பியைக் கழற்றி, அவள் கண்ணுக்கு நேரே குடையாகப் பிடித்தார்.

தொப்பிக்கு அடியிலிருந்து கொரீனின் குரல், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"ஓடெல். கையை எடு. மறைக்குது."